கந்தசஷ்டியும் மெத்தடோனும்

1

நேற்று மாலை கொழும்பிலிருந்து என் மனைவியின் தம்பி தொலைபேசியில் பேசினார். சுகம் விசாரித்து, மழை விசாரித்து, கடைசியில் குரலைத் தணித்துக்கொண்டு விசயத்துக்கு வந்தார்.

"அத்தான், குறை நினையாதேங்கோ. மருமகன் போன வருசம் சஷ்டி விரதம் பிடிச்சுத்தான் அந்தப் பழக்கம் விட்டவராம். உண்மையோ?"

"ஆர் சொன்னது?"

"இங்கை கதைக்கினம். என்னோடை வேலை செய்யிற ஒருத்தற்றை பொடியன் தூள் பாவிக்கிறான். சஷ்டி வருகுதுதானே, கொண்டுபோய்க் கோயிலிலை ஆறு நாள் விட்டு, வெளிக்கதவைப் பூட்டி வைக்கலாமெண்டு யோசிக்கினம். அதுதான் முறையைக் கேக்கிறன்."

அப்படிச் செய்யவேண்டாம், முதலில் ஒரு டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. "உங்கடை கோயில் ஆக்களே சொல்லினமே, பழக்கம் மாறினதெண்டு" என்றார். நான் விளக்கத் தொடங்க, இணைப்பு அறுந்துவிட்டது. திரும்ப எடுத்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

இரவு நித்திரை வரவில்லை. என் மகனைப் பற்றிய பொய் ஒன்று கடல் தாண்டிப் போய், நான் கண்டறியாத ஒரு பிள்ளையைக் கோயிலுக்குள் பூட்டப் பார்க்கிறது. அதனால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். நான் நாட்குறிப்பு எழுதுகிறவன். சென்ற ஆண்டு ஐப்பசியில் எழுதியதைப் பார்த்து இதை எழுதுவதால் நினைவு பிசகியிருக்காது. மயூரனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்கோ அப்பா, ஆனா என்னைப் பெரிய ஆளாக்கிப் போடாதேங்கோ" என்றான்.

2

மயூரன் எங்கள் ஒரே பிள்ளை. சென்ற ஆண்டு அவனுக்கு வயது இருபத்துமூன்று. பிராங்பேர்ட்டில் வளர்ந்தவன். வாகனத் திருத்தகத்தில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்துகொண்டிருந்தான். இரண்டாம் ஆண்டில் காலையில் எழும்ப முடியாதவன் ஆனான். நாங்கள் சோம்பல் என்று நினைத்தோம். பிறகு சமையலறையில் கரண்டிகள் குறைந்தன, தூளைக் காய்ச்ச எடுத்திருக்கிறான். பிறகு அவன் கோடை வெயிலிலும் நீளக் கைச்சட்டை போட்டான். அதற்குப் பிறகு நடந்தவற்றை நான் இங்கே விரிக்கவில்லை. பிள்ளையைப் பெற்றவர்களுக்கு இவ்வளவும் போதும்.

முதன்முதலாக வைத்தியரிடம் போன நாளில் என் மனைவி வசந்தி, தனக்குத் தெரிந்த டொச் மொழியில், "என் மகன் கபுட்" என்றாள். உடுப்புத் தோய்க்கும் இயந்திரம் பழுதானால் வீட்டுக்காரரிடம் அவள் சொல்லும் சொல் அதுதான். வைத்தியர் சிரிக்கவில்லை. "கபுட் இல்லை, நோயாளி" என்று மெல்லத் திருத்தினார். வெளியே வந்ததும் வசந்தி என்னிடம், "உவர் என்ன சொல்லுறார்? காய்ச்சலே இவனுக்கு?" என்றாள்.

அவர்கள் தந்த மருந்து மெத்தடோன். தினமும் காலையில் மருந்து கொடுக்கும் இடத்துக்குப் போய், தாதியின் கண்முன்னே குடிக்கவேண்டும். அது நோயை நீக்குவதில்லை. நடுக்கத்தையும் ஏக்கத்தையும் பிடித்து நிறுத்துகிறது. ஊசியைத் தேடி ஓடாமல் ஒருவன் பல் தீட்டலாம், சாப்பிடலாம், வேலை தேடலாம். இதற்காகக் காப்புறுதிக்கு ஒரு அன்ட்ராக் விண்ணப்பம், ஆலோசகரிடம் கிழமைக்கொரு டெர்மின் சந்திப்பு, முன்னறிவிப்பில்லாமல் சிறுநீர்ப் பரிசோதனை. இந்த நாட்டில் போதையிலிருந்து மீள்வதற்கும் கடதாசி வேண்டும். எனக்கு அது ஆறுதலாக இருந்தது. நான் விமானநிலையச் சரக்குக் களஞ்சியத்தில் பொதிகளை நிறுத்துப் பதிகிறவன். அளவும் நேரமும் உள்ள எதையும் நம்புவேன்.

வசந்தி நம்பவில்லை. "கள்ளை விட்டிட்டுச் சாராயம் குடிக்கிற மாதிரி" என்றாள். கோயிலில் எங்கள் நிலையை அறிந்த சிலரும் அதையேதான் சொன்னார்கள். அரசாங்கமே நஞ்சு கொடுக்கிறது, புகையிரத நிலையத்துக்குப் பக்கத்தில் ஊசி போட அறையும் கட்டிக் கொடுத்திருக்கிறது, இப்படிக் கொடுத்தால் யார் திருந்துவான்? ஊருக்கு அனுப்புங்கோ என்றார் ஒருவர். ஆலயத் தலைவர் என் தோளில் கைபோட்டு, "தம்பி, ஒரு கலியாணத்தைக் கட்டி வையும். பொறுப்பு வந்தா எல்லாம் சரிவரும்" என்றார்.

"ஆற்றை பெட்டையை, அண்ணை? உங்களுக்கும் ஒரு மகள் இருக்கிறாதானே?" என்று கேட்டேன். அவர் கையை எடுத்துக்கொண்டு பஞ்சாமிர்தம் பார்க்கப் போய்விட்டார்.

எங்கள் ஆட்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. அதே தலைவர்தான் நான் வேலையிழந்த காலத்தில் எங்கள் வீட்டுக்கு அரிசி மூட்டை கொண்டுவந்து இறக்கினார். இந்த ஒரு விசயத்தில் மட்டும் எங்களிடம் இரண்டு பெட்டிகள்தான் இருக்கின்றன. ஒன்றில் நல்ல பிள்ளைகள், மற்றதில் பழுதாய்ப்போனவர்கள். நடுவில் மருந்து குடித்துக்கொண்டு நிற்பவனை எதில் போடுவது என்று தெரியவில்லை. எங்கள் சனத்தில் ஒரு பொடியன் நிலையக் கழிவறையில் இறந்தபோது மரண அறிவித்தலில் மாரடைப்பு என்று போட்டார்கள். வயது இருபத்தாறு. நாங்கள் எல்லாரும் செத்தவீட்டில் வரிசையில் நின்று, இந்த வயதில் மாரடைப்பா என்று ஆளையாள் கேட்டோம். பதில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

3

இங்கே நான் ஊரில் கண்ட ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் ஒழுங்கையில் ஒரு வாத்தியார் இருந்தார். நல்ல கணக்கு வாத்தியார். விடியவே குடிப்பார். ஒரு முறை அவருடைய மனைவியும் மைத்துனர்களும் அவரைக் கோயிலுக்குக் கூட்டிச்சென்று, கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் பண்ணுவித்தார்கள். அவர் சத்தியத்தைக் காப்பாற்றினார். அன்றிலிருந்து ஒரு துளி தொடவில்லை. இரண்டாம் நாள் கை நடுங்கியது. மூன்றாம் நாள் சுவரில் எறும்பு ஊர்கிறது, தட்டுங்கோ என்று கத்தினார். சுவரில் ஒன்றும் இல்லை. அடுத்த நாள் வலிப்பு வந்து இறந்துபோனார்.

சத்தியத்துக்குப் பிறகும் ஒளித்துக் குடித்திருப்பார், அதுதான் சாமிக்குற்றம் என்று ஊர் பேசியது. அவர் ஒழுங்காக நிறுத்தியதால்தான் இறந்தார் என்பதை நாற்பது வயது கடந்து, பிராங்பேர்ட்டில், மகனுக்காக உட்கார்ந்திருந்த ஒரு வைத்தியரின் அறையில்தான் அறிந்தேன். குடியைச் சடுதியாக நிறுத்தினால் உடம்பு அப்படி உடையுமாம். மயூரன் எடுத்த ஹெரோயினில் நிறுத்துவதைவிடத் திரும்பத் தொடங்குவதுதான் கூட ஆபத்து என்று வைத்தியர் சொன்னார். சில நாட்கள் விட்டால் உடம்பு பழைய பலத்தை மறந்துவிடும். மனம் மறக்காது. மனம் பழைய அளவைத்தான் கேட்கும். உடம்பு அதைத் தாங்காமல் மூச்சை நிறுத்திவிடும்.

இதை நான் வசந்திக்கு வீட்டில் தமிழில் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "நல்லது நடக்கும் எண்டு ஒரு நாளும் உங்கடை வாயிலை வராது" என்றாள்.

4

சென்ற ஆண்டு, உலகக் கிண்ண உதைபந்தாட்டம் இங்கே நடந்த ஆண்டு, கந்தசஷ்டி தொடங்கியபோது மயூரன் மெத்தடோன் எடுக்கத் தொடங்கி ஒன்பது மாதம். உடம்பு தேறியிருந்தது. பொதி விநியோகத்தில் அரைநாள் வேலை கிடைத்திருந்தது. தானே கேட்டான்: "அம்மா, நானும் உங்களோட விரதம் பிடிக்கவா?" வசந்தி என்னைப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன். நான்கு வருடமாக அந்தக் கண்ணில் நான் காணாத ஒன்று அது.

எங்கள் கோயில் நகரின் விளிம்பில், வாகன ரயர் விற்கும் களஞ்சியத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு மண்டபம். முதல் நாள் குருக்கள் விரதகாரருக்குக் காப்புக் கட்டினார். ஆண்களுக்கு வலக்கை, பெண்களுக்கு இடக்கை. கட்டி முடிந்ததும் தலைவர் ஒலிவாங்கியில் வருடாவருடம் சொல்வதைச் சொன்னார்: "காப்புக் கட்டின அடியார்கள் மச்சம் மாமிசம் தொடக்கூடாது. லாகிரி வஸ்துகள் ஒன்றும் கூடாது. காப்பு அவிழ்க்கும் வரைக்கும் உடம்பும் மனமும் சுத்தமாக இருக்கவேணும்."

நான் அப்போது பின்னால் சப்பாத்து அடுக்கில் என் சோடியைத் தேடிக்கொண்டிருந்தேன். அங்கே நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. மயூரன் தாயிடம் கேட்டிருக்கிறான்.

"அம்மா, லாகிரி எண்டா என்ன?"

"வெறி, போதை. அதுகள்."

"அப்ப என்ர மெத்தடோன்?"

வசந்தி அவன் கையைப் பிடித்தாளாம். காப்பைப் பார்த்தாளாம். பிறகு, "ஆறு நாள்தானே அப்பு. முருகன் பாப்பார்" என்றாளாம்.

அந்தக் கிழமை எனக்குக் காலை வேலை. நாலு மணிக்கே வீட்டை விட்டுப் போய்விடுவேன். மத்தியானம் வரும்போது மயூரன் அறைக்குள் படுத்திருப்பான். விரதக் களை என்றாள் வசந்தி. நானும் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன்: "ம. களைப்பு. விரதம்."

நாலாம் நாள், வேலை இடைவேளையில் என் கைத்தொலைபேசி அடித்தது. மருந்து கொடுக்கும் இடத்துத் தாதி பிரிகிட். எங்களோடு பேச மயூரன் முன்பே கையெழுத்து வைத்து அனுமதி கொடுத்திருந்தான்.

"மயூரன் நான்கு நாளாக வரவில்லை. நோயா?"

தேநீர்க் குவளையை மேசையில் வைத்தேன். பிறகு விரதம் என்பதை விளக்க முயன்றேன். டொச்சில் அது உடம்பு மெலிவதற்குச் சாப்பாட்டைக் குறைப்பதுபோலவே ஒலித்தது. பிரிகிட் பொறுமையாகக் கேட்டாள்.

"இன்றைக்கே கூட்டிக்கொண்டு வாருங்கள். பழைய அளவு கொடுக்கமாட்டோம், சிறிதாகத் தொடங்குவோம். நடுங்குவான், வாந்தி எடுப்பான், அதற்கு நான் பயப்படவில்லை. நடுக்கம் தாங்காமல் வெளியே வாங்கிப் போடுவானே, அதற்குத்தான் பயப்படுகிறேன்."

5

நான் மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். மயூரன் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தான். மயிர்க்கூச்செறிந்த கை, ஓயாத கொட்டாவி, மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர். வசந்தி அவன் நெற்றியில் விபூதி பூசிக்கொண்டிருந்தாள். அவளும் நாலு நாளாகப் பாலும் பழமும் மட்டும்தான்.

"எழும்பு, வெளிக்கிடு. பிரிகிட் காத்துக்கொண்டிருக்கிறா."

"இஞ்சேருங்கோ, காப்புக் கட்டின பிள்ளையை எங்கை கூப்பிடுறியள்?" வசந்தி குறுக்கே வந்து நின்றாள். "இன்னும் ரெண்டு நாள். இவ்வளவும் தாங்கினவன் தாங்கமாட்டானே?"

"நீர் காலமை பிரஷர் குளிசை எடுத்தனீரோ?"

"எடுத்தனான். அதுக்கு?"

"காப்போடைதானே எடுத்தனீர்?"

"அது வருத்தத்துக்கு எடுக்கிறது."

"இதுவும் வருத்தத்துக்குத்தான், வசந்தி."

"என்ரை குளிசையிலை ஆருக்கும் வெறி வாறேல்லை!" என்றாள். கத்தினாள் என்றே எழுதவேண்டும். பிறகு அழுதாள். "இவன் மருந்தையும் விட்டிட்டான் எண்டு அங்கை எல்லாரும் இவனைப் பாத்துக் கும்பிடுகினம் அப்பா. நேற்றுப் பூசைக்கு வந்த சிவகாமியக்கா என்ரை கையைப் பிடிச்சு, உன்ரை வயித்திலை பால் வாத்தான் எண்டவ. நான் இப்ப போய் என்னெண்டு சொல்லுறது?"

மயூரன் கம்பளிக்குள்ளிருந்து பேசினான். "அப்பா, விடுங்கோ. நான் முடிக்கிறன். கோயிலிலை எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிக்கினம்."

"ஆர் சிரிக்கிறது?"

"இல்லை, நல்ல சிரிப்பு. சின்னனிலை சிரிச்ச மாதிரி."

இருபத்துமூன்று வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகமுடியாது. பிரிகிட்டுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "அப்படியானால் தனியே விடாதீர்கள். அவனுக்கும் சொல்லுங்கள், ஒருவேளை ஏதாவது செய்தால் தனியே செய்யவேண்டாம் என்று" என்றாள். ஒரு தகப்பன் மகனிடம் போய், ஊசி போடுவதானால் ஆட்கள் பார்க்கும் இடத்தில் போடு என்று சொல்லவேண்டும். என்னிடம் அதற்கான தமிழ் இருக்கவில்லை. ஆனாலும் கட்டில் ஓரத்தில் இருந்து சொன்னேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பி, "ஓம் அப்பா" என்றான்.

அந்த இரண்டு நாளும் நான் லீவு எடுத்தேன். அவன் குளியலறைக்குப் போனால் கதவருகே நின்றேன். தண்ணீர் விழும் சத்தம் நின்றால் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவன் சிரித்து, "இருக்கிறன் அப்பா" என்பான். வேறு எதிலும் என் மனம் நிற்கவில்லை.

6

ஆறாம் நாள் சூரன்போர். மழை தூறிக்கொண்டிருந்தது. ரயர்க் கடைக்காரர் தன் முற்றத்தைத் தந்திருந்தார். முருகன் ஒரு பக்கம், சூரன் மறுபக்கம். சூரனைக் காவும் பொடியன்களில் ஒருவன் வரவில்லை. தலைவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "மயூரன், வா, முன்கொம்பைப் பிடி" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். சனம் திரும்பிப் பார்த்தது. யாரோ கைதட்டினார்கள்.

அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய், சூரனைக் காவும் கொம்புக்குத் தோள் கொடுத்தான். முகம் சுண்ணாம்பாக வெளிறியிருந்தது. அதை விரதத்தின் களை என்றார்கள். சூரன் முன்னால் பாய்ந்தான், பின்னால் ஓடினான், ஆனைமுகம் போய்ச் சிங்கமுகம் வந்தது. நான் சூரனைப் பார்க்கவில்லை. அந்தக் கொம்பின் கீழே இருந்த மகனின் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எல்லாம் முடிந்து சூரனை இறக்கியதும் பொடியன்கள் அவனைக் கட்டிப் பிடித்தார்கள். சிவகாமியக்கா வசந்தியிடம் வந்து, "இனி அந்த வெள்ளையளின்ரை நஞ்சைப் பக்கத்திலையும் அண்டவிடாதை" என்றார். தலைவர் மயூரனின் முதுகில் தட்டினார். குருக்கள் என்னைக் கூப்பிட்டு மறுநாள் விரதம் முடிக்கும் பாறணைக்கு எத்தனைபேர் வருவீர்கள் என்று கேட்டார். பதில் சொல்லித் திரும்பினேன். மயூரன் இல்லை.

மண்டபத்துக்குள் இல்லை. சமையற்கட்டில் இல்லை. கழிவறைக் கதவுகளைத் தட்டினேன். தொலைபேசி நிறுத்தப்பட்டிருந்தது. வசந்தியை அங்கே நிற்கச் சொல்லிவிட்டு எஸ்பான் ரயிலில் ஏறினேன். எங்கே போகிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன்.

பிராங்பேர்ட் பிரதான நிலையத்துக்கு முன்னாலுள்ள தெருக்கள் எங்கள் ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். முருங்கைக்காயும் ஒடியல் மாவும் அங்கேதான் வாங்குகிறோம். அதே தெருவில், கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் அந்த ஊசி போடும் அறை. வாசலில் ஆட்கள் குந்தியிருப்பார்கள். பல வருடமாக அதைக் கடக்கும்போது மற்றப் பக்கத்து நடைபாதைக்கு மாறிவிடுவேன். அன்று கடைக்காரர் கதவில் நின்று, "என்ன அண்ணை, அங்காலை போறியள்?" என்றார். நான் நிற்கவில்லை.

உள்ளே வைத்தியசாலையின் வெளிநோயாளர் பகுதிபோல இருந்தது. நான் எதிர்பார்த்தது ஒரு குகையை. சிவப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண் என்னை மறித்தாள். மகனின் பெயரைச் சொன்னேன். அவள் என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தாள்.

"நீங்கள் தகப்பன். இருக்கிறான். உயிரோடு இருக்கிறான்."

அந்தக் கடைசி வசனத்தை அவள் ஏன் சொன்னாள் என்பது பிறகு விளங்கியது. மயூரன் அங்கே வந்து ஊசி கேட்டிருக்கிறான். மெத்தடோன் எடுப்பவர்களை அந்த அறைக்குள் விடுவதில்லை. கடைசியாக எப்போது எடுத்தாய் என்று அவள் கேட்டாள். ஆறு நாளாக ஒன்றும் இல்லை, விரதம் என்றான். அவளுக்கு விரதம் தெரியாது, ஆறு நாள் என்பது விளங்கியது. வெளியே அனுப்பினால் ஏதாவது கழிவறையில்தான் போய் முடியும் என்று உள்ளே எடுத்தாள். அவன் வெளியே வாங்கிக் கொண்டுவந்த தூளில் சிறு பங்குக்குமேல் கூடாது என்று சொல்லி, பக்கத்திலேயே நின்றாள். அந்தச் சிறு பங்குக்கே அவன் மூச்சு மெலிந்துபோனது. ஒக்சிசன் வைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மூச்சு விடு, மூச்சு விடு என்று சொல்லிக்கொண்டே இருந்தார்களாம்.

"முழுவதையும் போட்டிருந்தால்?" என்று கேட்டேன். கேட்கத் தேவையில்லாத கேள்வி. அவள் எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தாள்.

அவன் ஒரு கதிரையில் போர்வையோடு இருந்தான். நெற்றியில் விபூதி, கையில் காப்பு. சூரனின் கொம்பு அழுத்திய தோளைத் தடவிக்கொண்டிருந்தான்.

"கோவமோ அப்பா?"

"இல்லை. ஏனடா போனனீ?"

"எல்லாரும் கட்டிப் பிடிச்சவை. தலைவர் மாமா சொன்னார், இனி உனக்கு ஒண்டும் தேவையில்லை, நீ சுகம் எண்டு." போர்வையை இழுத்து மூடினான். "எனக்கு உள்ளுக்குள்ளை எல்லாம் நடுங்கிக்கொண்டு இருந்தது. நாளைக்கும், நாளையிண்டைக்கும் இப்பிடியே சுகமா நடிக்க வேணும் எண்டு நினைக்கப் பயமா வந்திட்டுது. நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது. தனிய வேண்டாம் எண்டு. அதுதான் இஞ்ச வந்தனான்."

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த அறையில் எங்களை ஒருவரும் விசித்திரமாகப் பார்க்கவில்லை.

7

வீட்டுக்கு வந்தபோது வசந்தி வாசலிலேயே நின்றாள். மகனின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, மூச்சை முகர்வதுபோல அருகே வைத்துப் பார்த்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். ஒன்றையும் குறைக்கவில்லை. அவள் கேட்டு முடித்து, நிலத்தில் இருந்துவிட்டாள்.

மறுநாள் அதிகாலை தலையில் முழுகி, கோயில் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். பாறணைக்குப் போகிறோம் என்றுதான் நினைத்தேன். காப்பு அவிழ்த்து, குருக்கள் கையால் தீர்த்தம் வாங்கி, அதற்குப் பிறகுதான் சோறு.

"முதல் அங்கை போவம்," என்றாள். "கோயில் ஓரிடமும் ஓடிப்போகாது. மருந்து குடுக்கிற இடத்தைச் சனிக்கிழமையிலை வெள்ளெணப் பூட்டிப்போடுவினம்."

டிராமில் அவளுடைய தொலைபேசி அடித்தது. சிவகாமியக்கா. வசந்திக்குத் தொலைபேசியில் மெதுவாகப் பேசத் தெரியாது.

"ஓமக்கா... இல்லையக்கா, இன்னும் கோயிலுக்கு வரேல்லை. மெத்தடோன் குடுக்கிற இடத்துக்குப் போறம்... ஓம், அந்த மருந்துதான்... இல்லையக்கா, மாறேல்லை. நேற்று இவன் செத்திருப்பான்." வசந்தி சன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தாள். "எங்களுக்குச் சோறு எடுத்து வையுங்கோ. மூண்டு பேரும் வருவம்" என்று சொல்லி வைத்தாள்.

மயூரன் காலைப் பார்த்துக்கொண்டு இருந்தான். அவன் காது சிவந்திருந்தது. நான் டிராமில் வேறு தமிழர் இருக்கிறார்களா என்று பார்த்தேன். பயம் உடனே போய்விடுவதில்லை.

இதையெல்லாம் கோயிலில் சிவகாமியக்கா ஒருவருக்கும் சொல்லவில்லை போலிருக்கிறது. அல்லது சொல்லியும் சனம் சூரனைக் காவியதை மட்டும் வைத்துக்கொண்டது. அந்தக் கதைதான் கொழும்புக்குப் போயிருக்கிறது. ஆகவே அந்தப் பிள்ளையின் தாய் தகப்பனுக்குச் சொல்கிறேன்: கதவைப் பூட்டாதீர்கள். விரதம் பிடிக்க அவன் ஆசைப்பட்டால் பிடிக்கட்டும், ஆனால் முதலில் ஒரு வைத்தியர் அவனைப் பார்க்கட்டும். அவன் நிறுத்திய பிறகு வரும் நாட்களில்தான் நீங்கள் அவனோடு கூட இருக்கவேண்டும். திரும்ப விழுந்துவிட்டேன் என்று அவன் வந்து சொல்லக்கூடிய ஆட்களாக இருங்கள். எங்கள் மகன் இன்றும் மருந்து எடுக்கிறான். நான் இன்றும் குளியலறைத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை காலை, மருந்து கொடுக்கும் இடத்தின் காத்திருக்கும் அறை நிறைந்திருந்தது. பல்லில்லாத ஒரு முதியவர் வசந்தியின் சேலையைப் பார்த்து எழுந்து தன் கதிரையைக் கொடுத்தார். அவள் நன்றி சொல்லி இருந்தாள். வைத்தியர் மயூரனைத் தனியே கூப்பிட்டுச் சோதித்தார். பிறகு பிரிகிட் எங்களையும் உள்ளே வரவிட்டாள். ஒரு சிறு பிளாஸ்ரிக் குவளையை எடுத்து மருந்தை அளந்து ஊற்றினாள். அடியில் கொஞ்சம்தான் நின்றது.

வசந்தி குனிந்து குவளைக்குள் பார்த்தாள். ஒன்பது மாதத்தில் அவள் அந்த மருந்தைக் கண்ணால் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இவ்வளவுதானோ?" என்று என்னிடம் கேட்டாள். "இஞ்சேருங்கோ, அவவிட்டைக் கேளுங்கோ. பிள்ளைக்கு இது காணுமோ?"

நான் கேட்டேன். பிரிகிட் முதலில் வசந்தியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். இன்றைக்கு இதற்குமேல் கொடுப்பது ஆபத்து என்றாள். நாளைக்கு அவன் எப்படி இருக்கிறான் என்று பார்த்துக் கொஞ்சம் கூட்டலாம்.

தமிழில் சொன்னேன். மயூரன் குவளையை வாயில் கவிழ்த்து விழுங்கினான். மேலே தண்ணீர் குடித்து, விழுங்கிவிட்டதைக் காட்ட வழக்கம்போல நன்றி என்றான்.

"அப்ப நாளைக்கும் நான் வாறன்" என்றாள் வசந்தி.